மண்வெட்டித் தழும்புக்கு ஒரு டாக்டர் பட்டம்

யுனிவர்சிட்டி டவுன் என்கிற மிதப்பு மதுரைக்கு நேற்று வந்ததல்ல. இறையனார் களவியல் உரை சொல்கிற கணக்கு இது: முதற்சங்கம் 4,440 வருஷம், இடைச்சங்கம் 3,700, கடைச்சங்கம் 1,850. முதல் இரண்டு கேம்பஸையும் கடல் கொண்டுபோய்விட்டதாம். கூட்டினால் 9,990. இன்னும் பத்தைப் போட்டு ரவுண்டாகப் பத்தாயிரம் என்று அடித்துவிட்டிருக்கலாம். புளுகிலும் உரைகாரருக்கு ஒரு நாணயம்!

அட்மிஷன் முறையும் கெடுபிடிதான். தகுதி உள்ளவர் உட்கார்ந்தால் சங்கப்பலகை நீண்டு இடம் கொடுக்கும், இல்லாதவரைத் தள்ளிவிடும். அதில் பாதிச் சக்தி இன்றைய டவுன் பஸ் சீட்டுக்கும் உண்டு. தள்ளிவிடும், நீளாது.

இப்படிப்பட்ட ஊருக்கு, சுமார் 75 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு தோட்டக்காரர் பரீட்சை எழுதப் போனார். பெயர் விஷ்ணுசித்தர். பெரியாழ்வார் என்பது பிற்பாடு வந்த பட்டம். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுச் சமாசாரம்.

விஷயம் இதுதான். பாண்டியன் வல்லபதேவன் மாறுவேஷத்தில் ராத்திரி ரவுண்ட்ஸ் போகிறான். திண்ணையில் படுத்திருந்த வழிப்போக்கரை எழுப்பி, நல்லதாக ஏதாவது சொல்லுங்கள் என்கிறான். தூக்கம் கெட்ட மனிதர், மழைக்காலத்துக்கு மற்ற எட்டு மாசத்தில் சேர்த்துவை, ராத்திரிக்குப் பகலில், முதுமைக்கு இளமையில், மறுமைக்கு இம்மையிலேயே சேர்த்துவை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பார். அப்புறம் தூக்கம் போனது ராஜாவுக்கு.

மறுமைக்கு என்ன வழி என்று செல்வநம்பியிடம் கேட்டான். நம்பி விவரமான மந்திரி. வாய்விட்டு மாட்டிக்கொள்ளாமல், கம்பத்தில் பொற்கிழியைக் கட்டுங்கள், பண்டிதர்கள் வந்து பேசட்டும், சரியான பதிலுக்குக் கம்பம் தானாக வளைந்து கொடுக்கும் என்றார். கமிட்டி போடுவது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கம் பெருமாள் கனவில் வந்து, மதுரைக்குப் போய் ஜெயித்து வா என்கிறார். நமக்கெல்லாம் அப்படி ஒரு சிபாரிசு கிடைத்தால் விடிவதற்குள் மாட்டுத்தாவணியில் நிற்போம். தோட்டக்காரரோ கையை நீட்டி, மண்வெட்டி பிடித்த இந்தத் தழும்பைக் காட்டியா கிழி வாங்குவது என்று கேட்டாராம். கடவுளிடமே குவாலிஃபிகேஷன் போதாது என்று வாதாடியிருக்கிறார் பாருங்கள்!

இன்றைக்குப் போயிருந்தால் வழியில் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் இறங்கி ஒரு சர்ட்டிஃபிகேட் கோர்ஸாவது முடித்திருப்பார். அது இன்ஜினியரிங் காலேஜாகத் தொடங்கியதே 1984-ல்தான். முதியோர் கல்வித் திட்டம் 1978 அக்டோபர் 2-ல் வந்தது. மனிதர் ஆயிரம் வருஷத்துக்கு மேல் சீக்கிரமாகப் பிறந்துவிட்டார்.

மதுரைப் பண்டிதர்கள் அவரைப் பார்த்ததும், படிக்காத ஆளுக்கு ஆசனமா என்று முறுக்கிக்கொண்டார்கள். அவர் பேசினார். கம்பம் வளைந்தது. அந்த சபையில் ஈகோ இல்லாத ஒரே எக்ஸாமினர் அந்தக் கம்பம்தான் என்பது என் அபிப்பிராயம். வேதம், புராணமெல்லாம் எடுத்துக் காட்டிப் பேசினார் என்கிறது குருபரம்பரை. ஆனால் ஊர் ஜனம் ஞாபகம் வைத்திருப்பது பொற்கிழி கைக்கு வந்ததைத்தான். என்ன படித்தான் என்று யார் கேட்கிறார்கள், பேக்கேஜ் எவ்வளவு?

யானை மேல் ஊர்வலம். வேடிக்கை பார்க்கப் பெருமாளே கருடன் மேல் வந்து நிற்கிறார். வரம் கேட்க வேண்டிய நேரத்தில் நம்மவருக்கு வேறு கவலை. இத்தனை கண் படுகிறதே, இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? யானையின் மணிகளையே தாளமாக்கிக்கொண்டு, நீ நல்லா இருக்கணும் என்று பல்லாண்டு பாடினார். கான்வகேஷனுக்கு வந்த சீஃப் கெஸ்டுக்கு மாணவன் திருஷ்டி கழித்த கதை!

அந்தப் பொன்னில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் எழுந்தது என்பார்கள். 11 நிலை, 192 அடி. அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரமே என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. வரைந்த ஆர். கிருஷ்ணராவோ மதுரை மேலக்கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாகச் சொன்னார் என்றும் பதிவு உண்டு. மறுபடியும் மதுரையா! இந்த வழக்கில் வளைந்து தீர்ப்புச் சொல்லக் கம்பம் இல்லை. 1949-ல் முதல்வரான ராஜபாளையத்து பி.எஸ். குமாரசாமி ராஜாதான் பக்கத்து ஊர்க் கோபுரத்தை முத்திரையில் ஏற்றினார் என்று சொல்பவர்களும் உண்டு. 1952-ல் அவர் அதே ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றார். தோற்றார்.

மதுரையை ஜெயித்தவர் ஊர் திரும்பி மறுபடி மண்வெட்டியை எடுத்தார். ஆனால் வீட்டில் ஒரு எக்ஸாமினர் வளர்ந்துகொண்டிருந்தாள். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி அழகு பார்த்தாள் மகள் கோதை, அதாவது ஆண்டாள். கூடையில் ஒரு முடியைக் கண்டு பதறிய அப்பா, மகளைக் கடிந்துகொண்டு புதுசாகக் கட்டிப் போட்டார். அது வேண்டாம், அவள் சூடிக் கழற்றியதே வேண்டும் என்று சொல்லிவிட்டார் பெருமாள். அத்தனை பண்டிதரையும் ஜெயித்தவர் சொந்த வீட்டில் அவுட்!

இன்றைக்கும் சித்திரையில் ஆண்டாள் சூடிய மாலை அதே 75 கிலோமீட்டர் போகிறது. அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார்.