பாட்டன் பூச்சி, பேரன் பிரமோஸ்

கம்போங் மேடான் அடுக்குமாடியில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கப் பார்சல்காரர் மூன்று முறை போன் அடிப்பார். குரூஸ் ஏவுகணைக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. வழியை மண்டையில் ஏற்றிக்கொண்டே கிளம்பும்; வழி நெடுக எஞ்சினை ஓட்டிக்கொண்டு, பெரும்பாலும் ரேடார் கண்ணில் படாமல் தாழப் பறந்து வந்து சேரும்.

இந்த வம்சத்தின் பாட்டன் 1918-இல் அமெரிக்காவில் பிறந்தார். சார்லஸ் கெட்டரிங் செய்த அவருக்குப் பெயரே 'பூச்சி'. மரமும் அட்டையுமான உடம்பு. ஆலோசனை சொன்னவரோ விமானம் கண்ட சாட்சாத் ஓர்வில் ரைட். காற்றையும் தூரத்தையும் பார்த்து, எஞ்சின் இத்தனை சுற்று சுற்றினால் எதிரி தலைக்கு மேலே என்று கணக்குப் போட்டு அனுப்புவார்கள். கணக்கு முடிந்ததும் எஞ்சின் நிற்கும், இறக்கைகள் கழன்றுகொள்ளும், சுமார் 80 கிலோ வெடிமருந்தோடு உடம்பு மட்டும் தொப்பென்று விழும். பாவம், தியாகம் செய்யத் தயாரானபோது போரே முடிந்துவிட்டது.

1944-இல் இதே வம்சத்து வாரிசான ஹிட்லரின் வி-1 லண்டனில் விழத் தொடங்கியது. குண்டுகள் ஊரைத் தாண்டிப் போகின்றன என்று இரட்டை உளவாளிகள் மூலம் பிரிட்டன் ஜெர்மானியரிடம் புளுகியது. நம்பித் தூரத்தைக் கூட்டாமலே விட்டார்கள். தென் லண்டனில் கூடுதலாக விழுந்தன. அந்தப் பக்கத்து மக்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் மலேசியக் கடற்படையும் சும்மா இல்லை. 1970-களிலேயே பிரான்சின் எக்சோசெட் ஏவுகணையை வாங்கிப் படகில் மாட்டியது. சுடத்தான் எதிரி வாய்க்கவில்லை.

இந்தியாவின் பிரமோஸ் ஏவுகணைக்கு வருவோம். 1998-இல் ரஷ்யாவோடு போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து ராமேஸ்வரத்து அப்துல் கலாமுடையது. திட்டத்தை நடத்தியவர் நாகர்கோவில் சிவதாணு பிள்ளை. ஒலியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். 2022 மார்ச் 9-ஆம் தேதி அதில் ஒன்று, யாரும் போகச் சொல்லாமலே, பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் போய் மியான் சன்னுவில் விழுந்தது. கம்போங் மேடானிலிருந்து ஏறக்குறைய மலாக்கா தூரம். ஏவுகணைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. நம் கார் அதற்குள் டோல்கூடத் தாண்டாது. நல்லவேளை, வெடிகுண்டு இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து டெல்லி வாய் திறந்தது: பராமரிப்பின்போது தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம். பழி முழுக்க இயந்திரத்தின் தலையில். ஆகஸ்டில் விசாரணை முடிந்தபோது, விதிமுறையை மீறியது மனிதர்கள்தான் என்று தெரியவந்து விமானப் படை அதிகாரிகள் மூவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.