லைட்டு எரியுற போர்டு கேக்குதோ ராசாவுக்கு?

ஏலே பேராண்டி, இங்க வா. கையில என்ன சீட்டு? ரிச்சி தெருவுல விலை விசாரிச்சிட்டு வந்தியாக்கும். கொடு பாப்பம். ஏயப்பா! எக்ஸ்570 மதர்போர்டு, சுத்திலும் கலர் கலரா லைட்டு. வீட்டுல விசேசம் ஏதும் வருதா? வெளிச்சம் வேணும்னா சொல்லு, திண்ணையில ஒரு பல்பு மாட்டித் தாரேன். எக்ஸ்570ல முக்காவாசி போர்டுக்கு சிப்செட்டு மேலயே ஒரு குட்டி விசிறி ஓடும், தெரியும்லா? அது கிறீச்சுனு கத்தும்போது எண்ணெய் விட என்னையத்தான் கூப்பிடுவ.

என்ன முழிக்க? வால்வு ரேடியோ காலத்துலேர்ந்து பத்தவைப்புக் கோல் பிடிச்ச கை இது. போர்டப் பாத்தா எங்க சூடேறும்னு எனக்குத் தெரியும்.

உன் பொட்டியில இருக்கது ரைசன் 3 1200. 2017ல வந்த சரக்கு. விண்டோஸ் 11 பட்டியல்ல அதுக்கு எடமில்ல. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட்டுக்காரன் 2025 அக்டோபர் 14ஓட பெரிய கும்பிடாப் போட்டுட்டான். ரைசன் 5 5600க்கு மாறணும்ங்க, நியாயந்தான். ஆனா போர்டையும் மாத்தணும்னு யாருல சொன்னா? விக்கவன் சொன்னான். அவன் வேற என்னத்தச் சொல்லுவான்!

மொதல்ல, இருக்க ஏ320 போர்டுல அச்சடிச்சிருக்க பேரையும் ரிவிஷன் நம்பரையும் எழுதிட்டு வந்து, செஞ்ச கம்பெனியோட சிபியு சப்போர்ட் லிஸ்ட்டப் பாரு. 2022 வாக்குல பல ஏ320 போர்டுக்கும் 5000 வரிசைக்கான பயாஸ் விட்டாங்க. 5600 பேரு அதுல இருந்தா பயாஸ ஏத்து, சோலி முடிஞ்சுது. மிச்சப்பட்ட காச என்கிட்ட கொடுத்து வை. வெத்தலைக்கு மேல ஒரு பைசா தொடமாட்டேன்.

பேரு இல்லையா? அப்பம் போர்டு தேடு. கடைக்காரன் பெட்டிமேல இருக்க படத்தக் காட்டுவான். நீ உள்ள இருக்கதக் காட்டச் சொல்லு. சாக்கெட்டுப் பக்கத்துல கறுப்பு, சாம்பக் கலர்ல சின்னச் சின்னச் சதுரக் கட்டியா வரிசையா நிக்கும் பாரு, அதெல்லாம் சோக்கு. அதையொட்டி சுண்டுவிரல் நகம் அளவுல மாஸ்ஃபெட்டு. எஸ்எம்பிஎஸ்லேர்ந்து வாற 12 வோல்ட்ட ஒண்ணு, ஒண்ணே கால் வோல்ட்டாக் கொறச்சு புரொசசருக்கு ஊட்டுதது அதுகதான். 5600 முக்கி வேலை பாத்தா 76 வாட் இழுக்கும். வோல்ட்டு ஒண்ணுகிட்டங்கும்போது ஆம்பியர் அம்பது அறுபதத் தொட்டுரும். நம்ம கெணத்துல கெடக்க 5 எச்பி மூணு பேஸ் மோட்டாரே எட்டு ஆம்பியர்தாம்ல! அதனால அந்த மாஸ்ஃபெட்டு மேல கனமான அலுமினிய ஹீட்சிங்க் உக்காந்திருக்கானு தடவிப் பாரு. மொட்டையா இருந்தா பெட்டிய மூடிட்டு அடுத்த கடைக்கு நட. சித்திரை வெயில்ல, ஓட்டு வீட்டுல, வீடியோ வெட்டுதேன்னு நீ ராத்திரி பகலா ஓட்டுனா மொட்டைப் போர்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

பி450 இல்லைனா பி550 போதும். அதுலயும் ஒரு கண்ணி இருக்கு. பி450 மலிவுதான். ஆனா கடையில தூசி படிஞ்சு கெடந்த பெட்டினா உள்ள பழைய பயாஸ் இருக்கும். 5600ஐச் சொருகினா திரை இருட்டாவே கெடக்கும், நீயும் போர்டு செத்துட்டுனு கண்ணக் கசக்குவ. அங்கதான் உன் பழைய 1200 வேணும். அதப் போட்டு எழுப்பி, பயாஸ ஏத்திட்டு, பெறகு 5600ஐ உக்கார வை. கெழடுனு தூக்கி எறியப் பாத்தியே! பி550ல இந்த வேலை நடக்காது. அது 1200ஐச் சேக்காது. அத வாங்கினா பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருக்கானு பாத்து வாங்கு. புரொசசரே இல்லாம பென்டிரைவ்லேர்ந்து பயாஸ் ஏறும். எதுல ஏத்தினாலும் யுபிஎஸ்ல மாட்டி ஏத்து. பாதியில கரண்டு போச்சுன்னா புதுப் போர்டும் அந்தாலயே படுத்துரும். நம்ம ஊரு லைன நம்பிச் செய்யுத காரியமா அது?

ஏஎம்5 போர்டு வாங்கலாம்னு அந்தக் கடைக்காரப் பய சொல்லுதானா? அதுல டிடிஆர்5 ராம் மட்டுந்தான் ஏறும். உன் டிடிஆர்4 குச்சிய என்ன செய்ய, பல்லு குத்தவா?

இன்னொண்ணு. பழைய போர்டுலேர்ந்து 1200ஐக் கழத்தும்போது ஆத்திரப்பட்டு விசிறிய இழுக்காத. உள்ள பேஸ்ட் காஞ்சு பிடிச்சிருக்கும். பூட்டு பூட்டினபடியே இருக்க, புரொசசர் விசிறியோட சேந்து பிச்சுக்கிட்டு வந்துரும். அதுக்கு அடியில 1331 பின்னு, ஒவ்வொண்ணும் மயிரு மாதிரி. பொட்டியக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைச்சு, பிளக்கப் பிடுங்கிட்டு, விசிறிய இடவலமா மெல்லத் திருகி எடு. பின்னு வளஞ்சா என்னையத் தேடாத. அன்னைக்கு நான் ஊர்லயே இருக்கமாட்டேன்.