கோட்டை போச்சு, கக்கூஸ் மிச்சம்

போலந்தில் விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கும் தோருன் நகரத்துக்குப் போகிறவர்கள் மாதா கோயில், டவுன்ஹால், கோப்பர்நிகஸ் சிலை என்று பயபக்தியோடு ஊர்சுற்ற ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால் நேராகக் கக்கூஸுக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு அல்ல, சரித்திரத்துக்கு.

1226 வாக்கில் மசோவியா கோமகன் கான்ராடுக்குப் பக்கத்திலிருந்த புருஸ்ஸியப் பழங்குடிகளால் ஓயாத தொல்லை. எல்லை தாண்டி வந்து கொள்ளையடிப்பார்கள். ஞானஸ்நானம் என்று சொன்னால் மட்டும் ஓடிவிடுவார்கள். அடக்க ஆள் தேடிய கான்ராடின் கண்ணில் பட்டது டியூட்டானிக் சபை. பாதி சந்நியாசி, பாதி சிப்பாய். வெள்ளை அங்கி, கறுப்புச் சிலுவை. எல்லைக் காவலுக்கு அழைத்த இடத்தில் தனி ராஜ்யம் கட்டப் பார்த்ததால், முந்தின வருஷம்தான் ஹங்கேரி ராஜா அவர்களைத் துரத்தியிருந்தார். வேலைக்கு வைக்குமுன் பழைய முதலாளியிடம் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். கான்ராட் விசாரிக்கவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது எப்படி என்பதுதான் அடுத்த இருநூறு வருஷத்துக் கதை.

1231-ல் ஆற்றைத் தாண்டி வந்தவர்கள் கட்டிய முதல் கோட்டை, ஒரு கருவாலி மரம். சபையின் பழைய வரலாற்றுக்காரரே எழுதி வைத்திருக்கிறார்: மரத்தின் மேல் அரண் அமைத்துக்கொண்டு, ஓடுவதற்கு வசதியாகப் படகுகளையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்களாம். வீரம் என்றால் முன்யோசனையும் வேண்டுமல்லவா. 1233-ல் ஊருக்குச் சாசனம் கொடுத்தார்கள். வெள்ளம் தொல்லை தரவே, சில வருஷங்களில் சாசனத்தோடு ஊரையே ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் நகர்த்தி வைத்தார்கள். பிறகு செங்கல்லில் லாட வடிவக் கோட்டை எழும்பியது.

துறவிகளுக்கும் அடிவயிறு உண்டு. கோட்டையிலிருந்து தள்ளி ஓர் ஓடையின் மேல் தனிக் கோபுரம். அங்கே போய்வர உயரத்தில் மூடிய நடைபாதை. மழை, பனி, எதிரியின் அம்பு எதுவும் படாமல் வீரர் போவார், அமர்வார், எழுவார். மிச்ச வேலையை ஓடை பார்த்துக்கொண்டு விஸ்துலாவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஊரிலிருந்து கோட்டைக்கு வரி போயிற்று. கோட்டையிலிருந்து ஊரின் ஆற்றுக்கு இது வந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கல் வெகுநாள் தாங்காது.

ஊர் வணிகர்கள் ஹன்சா வணிகக் கூட்டணியில் சேர்ந்து தானியம், மரம், துணி என்று விற்றுக் கொழுத்தார்கள். சபையும் சும்மா இல்லை. தானே கடை விரித்தது. 1410-ல் குருன்வால்ட் போரில் போலந்துக் கூட்டுப் படையிடம் செமத்தியாக அடி வாங்கி, அடுத்த வருஷம் தோருனில் சமாதானம் பேசி, நஷ்டஈடு கட்ட ஒப்புக்கொண்டது. அடி வாங்கியது சபை, பணம் கட்டியது ஊர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஊர்க்காரர்கள் 1454 பிப்ரவரியில் கோட்டையைப் பிடித்தார்கள். பிடித்ததோடு விடவில்லை. சபை திரும்பி வந்தால் உட்கார இடம் இருக்கக்கூடாது என்று இடித்துத் தள்ளினார்கள். கொடிமரம் போயிற்று, மாளிகை போயிற்று, பிரார்த்தனைக் கூடம் போயிற்று. நிமிர்ந்து நின்றது அந்தக் கக்கூஸ் கோபுரம் ஒன்றுதான்.

ஏன் விட்டார்கள்? இடிக்கும் வேலையை யார் தலையில் கட்டுவது என்பதில் ஒருமனதாக முடிவு வந்திருக்காது என்பது என் ஊகம். இடிபாட்டில் அதற்குப் பிறகு ஊர்க் குப்பையைக் கொட்டினார்கள். 1960-கள் வரை கொட்டினார்கள். இத்தனை நிதானமாக வன்மம் பாராட்டிய ஊரை நான் கேள்விப்பட்டதில்லை.

ஊர்க்காரர்களும் போலந்தும் ஒரு பக்கம், சபை மறுபக்கம் என்று சண்டை பதின்மூன்று வருஷம் இழுத்தது. நடுவில் சபைக்குக் கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை. தலைமைக் கோட்டையான மால்போர்க்கையே அடகு வைத்தது. சம்பளம் வராத சிப்பாய்கள் 1457-ல் அந்தக் கோட்டையைப் போலந்து ராஜா காசிமிருக்கே விற்றுவிட்டுப் போனார்கள். முற்றுகையில் விழாத கோட்டை, சம்பள பாக்கியில் விழுந்தது. 1466-ல் மறுபடி தோருனில் சமாதானம். சபையின் தலைவர் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்துவிட்டுப் போனார். கோட்டை இருந்திருந்தால் தங்கியிருப்பார்.

ஏழு வருஷம் கழித்து, 1473-ல், ஒரு செம்பு வியாபாரி வீட்டில் கோப்பர்நிகஸ் பிறந்தார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை அச்சில் கொண்டுவர 1543 வரை யோசித்தார். அதே வருஷம் போய்ச் சேர்ந்தார். யாரும் வந்து சண்டை போட முடியாதபடி ஒரு புத்தகம் வெளியிடுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. டவுன்ஹால் அருகே 1853-லிருந்து சிலையாக நிற்கிறார். பூமியை நகர்த்தி, சூரியனை நிறுத்தியவர் என்று பீடத்தில் லத்தீனில் பொறித்திருக்கிறது.

அவர் நிறுத்தாதது சாய்ந்த கோபுரம். மதிலோடு நேராகக் கட்டிய காவல் கோபுரம். அடிமண் சரியில்லாததால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் சாய்ந்துவிட்டது. ஊர்க்காரர்கள் பழியை மண் மேல் போடுவதில்லை. ஒரு சபை வீரன் வியாபாரி மகளோடு பழகி மாட்டிக்கொண்டான், அவன் ஒழுக்கம் போலவே கோணலாக ஒரு கோபுரம் கட்டச் சொல்லித் தண்டித்தார்கள் என்பது கதை. அங்கே இன்றும் ஒரு சோதனை உண்டு: கோபுரச் சுவரோடு முதுகையும் குதிகாலையும் ஒட்டி, கை இரண்டையும் முன்னே நீட்டி நிற்க வேண்டும், விழுந்தால் பாவி. உடம்பின் எடை பாதத்துக்கு முன்னால் போய்விடுவதால் பெரும்பாலும் எல்லோரும் பாவிகள்தான். பாதிரியார்கள் முயன்று பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

1825-ல் இசைமேதை ஷோப்பின் வந்தார், பதினைந்து வயது. ஊரைச் சுற்றிய கொத்தளங்கள், கோயில்கள், சாய்ந்த கோபுரம், கோப்பர்நிகஸ் பிறந்த வீடு எல்லாம் பார்த்தார். பார்த்ததையெல்லாம் நண்பனுக்குக் கடிதத்தில் வரிசையாக எழுதிவிட்டு, இவை எல்லாவற்றையும் தோற்கடித்தது பியெர்னிக்தான் என்று தீர்ப்புச் சொன்னார். தேன், இஞ்சி, கிராம்பு, பட்டை, மிளகு போட்டுச் சுடும் பிஸ்கெட். இடைக்காலத்திலிருந்தே இந்த ஊரின் அடையாளம். பட்டை இலங்கையிலிருந்தும் மிளகு மலபாரிலிருந்தும் பாதி உலகம் சுற்றி வந்து சேர்ந்த காலத்தில் அது பணக்காரத் தின்பண்டம். ஒரு பியெர்னிக்கை வார்சாவுக்கு அனுப்பியும் வைத்தார்.