படிக்காத அம்மா என்ன செய்யலாம்?

கேள்வி: வீட்டுவேலைக்குப் போகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் அரசுப் பள்ளியில் ஏழாவது. அவள் படிப்புக்கு நான் என்னதான் செய்ய முடியும்?
– ஒரு தாய், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: நிறையவே முடியும், அம்மா! அமெரிக்காவில் வில்லியம் ஜெய்ன்ஸ் 2007இல் நகர்ப்புற உயர்நிலை மாணவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பெற்றோர் வீட்டுப்பாடத்தைச் சரிபார்ப்பதைவிட, 'என் பிள்ளை படித்து மேலே வருவாள்' என்று எதிர்பார்ப்பதுதான் அதிகம் கைகொடுத்திருந்தது. அதற்கு எழுத்தறிவு வேண்டாம். இன்று என்ன படித்தாய் என்று தினமும் கேளுங்கள். அவள் சொல்லட்டும், நீங்கள் மாணவியாகுங்கள்.

அடுத்தது, எஸ்.டி.எம்.சி. எனப்படும் பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நாலு வீட்டுச் சம்பளத்தையும் முன்பணத்தையும் மனக்கணக்காக வைத்திருப்பவருக்குப் பள்ளி வரவுசெலவைக் கேட்கவா தெரியாது? தைரியமாக உட்காருங்கள். வேலை நாளில் பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, 'ஏழைப் பெற்றோருக்கு அக்கறையில்லை' என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வருகிறோம் என்று கேளுங்கள்.