எமனுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?

குப்புசாமி முதலிய ஆண்பெயர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும் ‘குழந்தைகளுக்கு ஏற்ற அழகிய பெயர்கள்’ வகைப் புத்தகங்களில் குப்புசாமியைத் தேடிப் பாருங்கள், இருக்கமாட்டார். மண்ணாங்கட்டி, பிச்சை, மூக்கன், தவிடன் யாருக்கும் அங்கே இடமில்லை. அலெக்சாண்டர் என்றால் மனிதரைக் காப்பவன், விக்டர் என்றால் வென்றவன், ஆண்ட்ரூ என்றால் ஆண்மையுடையவன் என்று உலகமே வீரப் பெயர்களைச் சுற்றி வருகிறது. அவற்றில் ஆராய என்ன இருக்கிறது? பெற்றவர்களுக்கு ஆசை, வைத்தார்கள். கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே ஆண்பிள்ளைக்குக் குப்பை என்று பெயர் வைத்தார்களே, அவர்களை அல்லவா ஆராய வேண்டும்?

இவ்வாய்வின் கருதுகோள் எளியது. இந்தப் பெயர்கள் பிள்ளையைக் கூப்பிட வைத்தவை அல்ல, எமன் படிப்பதற்காக வைத்தவை. ஆகவே இவற்றைத் தொகுத்துப் பார்த்தால் பிள்ளைகளைப் பற்றி அதிகம் தெரியாது. எமனுடைய கல்வித்தகுதி, கண்பார்வை, சட்ட அறிவு, சுத்தபத்தம் ஆகியவை பற்றி நிறையத் தெரியவரும். முதன்மைச் சான்றான சித்திரகுப்தனின் பேரேட்டைப் பார்வையிட வழியில்லை. காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயிலே இருக்கிறது என்றாலும், அங்கே அர்ச்சனை செய்யலாமே தவிரக் கணக்கைச் சரிபார்க்க முடியாது. எனவே துணைச் சான்றுகளைக் கொண்டே இவ்வாய்வு நிகழ்த்தப்பட்டது.

முதலில் களம். முன்னால் பிறந்த இரண்டு மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. அடுத்துப் பிறந்தவனை முறத்தில் கிடத்தி, தொழுவத்தை ஒட்டிய குப்பைமேட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். அங்கே இறக்கி, இப்படி ஒரு புரட்டு, அப்படி ஒரு புரட்டு. உடம்பெல்லாம் சாணிப்பொடியும் வைக்கோல் கூளமும் ஒட்ட, பிள்ளை வீரிடுகிறான். தாய் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். சொல்லிவைத்தபடி பின்னால் வருகிற அண்டைவீட்டுக் கிழவி, “யாரு பெத்த பிள்ளையோ, இப்படிப் போட்டுட்டுப் போயிட்டாங்களே!” என்று ஊருக்கே கேட்கும்படி அங்கலாய்த்துவிட்டு எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். பிறகு பெற்றவளே அவளிடம் போய், தவிட்டை அளந்து கொடுத்துப் பிள்ளையை விலைக்கு வாங்குகிறாள். குப்பன், குப்பாண்டி, குப்புசாமி என்று அவரவர் வசதிப்படி பெயர் அமைகிறது. “உன்னைத் தவிட்டுக்குத்தாண்டா வாங்கினோம்” என்று அண்ணன்மார் தம்பிமாரை அழவிடுகிற வசனத்துக்குப் பின்னால் இத்தனை பெரிய சட்ட நடவடிக்கை இருக்கிறது.

இதிலிருந்து பெறப்படும் முதல் முடிவு: எமன் அருவருப்புப் பேர்வழி. எருமையில் ஊர்வலம் வருகிற ஒருவர் சாணிக்கு முகம் சுளிப்பது ஆய்வாளரைச் சற்றுக் குழப்பியது உண்மை. ஆனால் பிற நாட்டுச் சான்றுகளும் இதையே சொல்கின்றன. கிரேக்கப் புராணத்தில் ஹெராக்ளிஸுக்கு மேலும் மேலும் வேலை ஏவும் யூரிஸ்தியஸ் மன்னனின் உத்தரவுகளைக் கொண்டுபோகும் தூதன் பெயர் கோப்ரியஸ். கோப்ரோஸ் என்றால் சாணம், எரு, மலம், எது வசதியோ அது. ரோமானியர் ஆண்ட எகிப்தின் பாப்பிரஸ் ஆவணங்களில் கோப்ரிஸ் என்ற பெயருடைய ஆண்கள் அடிக்கடி தட்டுப்படுகிறார்கள். அவர்கள் குப்பைமேட்டில் வீசப்பட்டுப் பிறர் எடுத்து வளர்த்தவர்கள் என்பார் ஒரு சாரார். கெட்ட சக்திகளை ஏய்க்க இட்ட பெயர் என்பார் மறுசாரார். நம் கிழவியை ஒருமுறை பார்த்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது: வீசுவதுபோல் வீசி, எடுப்பதுபோல் எடுத்து, ஏய்க்கவும் ஏய்த்திருக்கலாம் அல்லவா? பண்டை எகிப்தியப் பாலைவனத் துறவியருள் ஒருவருக்கும் கோப்ரிஸ் என்றே பெயர். தமிழில் புனித குப்புசாமி என்க.

இந்தியாவுக்குள் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. தெலுங்கில் குப்பைக்குப் பெண்டையா, எச்சில் இலைக்குப் புல்லையா. பஞ்சாபிகளின் பெயர்களைப் பற்றி 1883இல் தனி நூலே எழுதிய ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி, இத்தகைய இழிபெயர்களைப் பொறுமையாகத் திரட்டித் தந்திருக்கிறார். சாம்ராஜ்யம் நடத்துகிற நேரத்தில் இதற்கும் ஒருவருக்கு நேரம் இருந்தது.

சீனர்கள் குப்பையை நாயிடம் ஒப்படைத்தார்கள். ‘நாய் தின்ற மிச்சம்’ என்பது அங்கே கிராமத்துப் பையன்களின் செல்லப்பெயர். ஹான் வம்ச காலப் பெருங்கவி ஸீமா ஸியாங்ருவைப் பெற்றவர்கள் நாய்க்குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோராம் நூற்றாண்டு அறிஞர் ஓயாங் ஸியூவைப் பற்றி ஒரு கதை உண்டு. பௌத்தத்தைக் கடுமையாகச் சாடியவர் அவர். வீட்டிலோ ஒரு பிள்ளைக்குப் ‘பிக்கு’ என்று பெயர். இதென்ன என்று கேட்டவரிடம், “எல்லாரும் பிள்ளை பிழைக்க நாய், ஆடு என்று மட்டமான பெயராகப் பார்த்து வைப்பதில்லையா? அதுபோலத்தான்” என்றாராம். ஒரே பெயரில் எமனையும் எதிர்க்கட்சியையும் சாய்த்த சான்று உலக வரலாற்றில் வேறில்லை. கொரியாவில் 1863இல் அரியணை ஏறிய கோஜோங் மன்னரின் சிறுவயதுப் பெயர் ‘நாய்ப்பீ’ என்பார்கள். குப்பை ஏழைகளின் உத்தி மட்டுமல்ல என்பதற்கு இது போதும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். மார்க்கண்டேயன் விஷயத்தில் எமன் ஏமாறவில்லையே என்பது அது. ஏமாறவில்லைதான், ஆனால் ஏமாற்ற யார் முயன்றார்கள்? பதினாறு வயதுதான் ஆயுள் என்று தெரிந்தபிறகும் மிருகண்டு முனிவர் பிள்ளைக்குத் தம் பெயரை ஒட்டியே, தகப்பன் பெயரும் விலாசமும் விளங்கும்படி, மார்க்கண்டேயன் என்று வைத்திருக்கிறார். குப்பன் என்று வைத்திருந்தால் திருக்கடையூரில் சிவபெருமான் காலைத் தூக்கியிருக்க வேண்டிய அவசியமே வந்திராது.

இரண்டாவது முடிவு: எமன் சொத்துச் சட்டத்தை மதிப்பவன். விற்ற பொருளை விற்றவரிடம் வந்து கேட்பதில்லை. வங்கத்தில் தீன்கௌடி, பாஞ்ச்கௌடி என்று ஆண்பெயர்கள் உண்டு. மூன்று சோழி, ஐந்து சோழி என்று பொருள். பிள்ளை கைமாறிய விலை அது. விலை ஏன் இத்தனை குறைவு என்று பொருளியல் அறிஞர்கள் கேட்கலாம். அதிகம் கொடுத்தால் நல்ல சரக்கு என்று எமனுக்குத் தெரிந்துவிடாதா? மேதினிப்பூரில் 1889இல் பிறந்த ஓர் ஆண்குழந்தைக்கு முன்னே பிறந்த அண்ணன்மார் இருவரும் இறந்துபோயிருந்தார்கள். அவனை அவன் அக்காளுக்கே மூன்று கைப்பிடி நொய்க்கு விற்றார்கள். நொய்க்கு அங்கே குத் என்று பெயர். பிள்ளை குதிராம் ஆனான். குதிராம் போஸ்.

நம் தவிடும் அவர்கள் நொய்யும் நெல் குத்துகிற ஒரே முற்றத்திலிருந்து வந்தவை. ஒரு பக்கம் புடைத்தால் தவிடு, மறுபக்கம் புடைத்தால் நொய். அரிசியைக் கொடுத்துப் பிள்ளை வாங்கியதாக எங்கும் சான்றில்லை. பிச்சை என்ற பெயரும் இதே வழக்கின் கிளைதான். விலைகூட இல்லாமல், யாரோ போட்ட பிச்சையாகப் பிள்ளையைக் கையேந்தி வாங்கிக்கொள்வது. கூகுள் நிறுவனத்தை 2015 முதல் தலைமையேற்று நடத்துகிறவரின் பெயரில், அவர் தந்தை வழியாக வந்த பிச்சை நிற்கிறது. உலகத்தில் யார் எதைத் தேடினாலும் அந்த வாசலில்தான் போய் நிற்கிறோம் என்பதைக் குறித்துவைத்து, ஆய்வு மேலே செல்கிறது.

மூன்றாவது, எமனுக்குக் கண்பார்வை மட்டு. ஆணா பெண்ணா என்பதை மூக்கைப் பார்த்தே முடிவு செய்கிறான். ஆண்பிள்ளைக்கு மூக்குக் குத்தி, வளையம் மாட்டி, சில வீடுகளில் பாவாடையும் கட்டிப் பெண்போல வளர்த்தால் அவன் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். தமிழில் மூக்கன், மூக்கையா, மூக்காண்டி இப்படி வந்தவர்கள். மராட்டியத்தில் மூக்கு வளையத்துக்கு நத் என்று பெயர். 1910இல் பிறந்த ராமச்சந்திரன் என்ற பிள்ளையை, மூத்த ஆண்மக்கள் தங்காததால், மூக்குக் குத்திப் பெண்ணாக வளர்த்தார்கள். பிறகு ஒரு தம்பி பிறந்து தங்கிய தைரியத்தில் வளையத்தைக் கழற்றினாலும் பெயரில் அது கழலவில்லை. நாதுராம் கோட்சே.

குதிராமை 1908 ஆகஸ்ட் 11 அன்று, பதினெட்டு வயதில், முசாபர்பூரில் தூக்கிலிட்டார்கள். கோட்சேயை 1949 நவம்பர் 15 அன்று அம்பாலாவில். இருவரையும் ஒரே தட்டில் வைக்க இவ்வாய்வாளருக்கு மனமில்லை. எமனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. ஏமாற்றிய வீடுகளை அவன் குறித்து வைத்திருந்தான் என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா? கூடாது. இரண்டே இரண்டு சான்றுகளைக் கொண்டு முடிவு கட்டுவது ஆய்வு நெறியாகாது. ஒரே சான்றைக் கொண்டு கட்டுவது வேறு, அதற்கு மரபு இருக்கிறது.

மங்கோலியர்கள் இந்த நாடகத்தையெல்லாம் நடத்தவில்லை. அவர்கள் வழி, விசாரணைக்கு ஒத்துழைக்காமல் இருப்பது. எனெபிஷ் என்றால் இது இல்லை. தெர்பிஷ், அது இல்லை. ஹுன்பிஷ், மனிதனே இல்லை. நெர்குய், பெயர் இல்லை. நான்கும் கடவுச்சீட்டில் அச்சாகிற அசல் பெயர்கள். நான்கு பிள்ளைகள் உள்ள கூடாரத்துக்குள் எமன் குனிந்து நுழைவதை நினைத்துப் பாருங்கள்.

“இவன் யார்?”

“இது இல்லை.”

“அப்போ அவனா?”

“அது இல்லை.”

“மூலையில் படுத்திருக்கிறானே, அந்த மனிதன்?”

“மனிதனே இல்லை.”

“கடைசிப் பையன் பெயரையாவது சொல்லித் தொலையேன்.”

“பெயர் இல்லை.”

புல்வெளியில் அடுத்த கூடாரம் எட்டும் தூரத்தில் இருக்காது. எருமையைத் திருப்புவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் நோயில் கிடக்கும் பிள்ளைக்கு ஆல்டர், அதாவது கிழவன், என்று பெயர் மாற்றினார்கள். குழந்தையைத் தேடி வந்தவனுக்கு வீட்டில் ஒரு கிழவன்தான் இருப்பான். பெயரை மாற்றினால் விதியும் மாறும் என்பதற்குத் தால்முத்திலேயே இடம் இருக்கிறது. நம் எண்கணித ஜோதிடர்கள் கவனிக்க.

நைஜீரியாவின் யொரூபா மக்கள் எமனோடு பேசுவதைவிடப் பிள்ளையோடு பேசுவதே மேல் என்று கண்டவர்கள். செத்துச் செத்துத் திரும்பப் பிறக்கிற பிள்ளையை அவர்கள் அபிக்கு என்பார்கள். பெயரே கெஞ்சல்: துரோஜாயே, இருந்து வாழ்ந்து பார், பாஞ்சோக்கோ, என்னோடு உட்காரேன். கெஞ்சல் எடுபடாதபோது அதட்டல்: கொசோகோ, மண்வெட்டி இல்லை. குழி தோண்ட எங்களிடம் ஆயுதமில்லை, ஆகவே சாகாதே. இந்தப் பெயரோடு ஒருவர் 1845 முதல் 1851 வரை லாகோஸின் மன்னராகவே இருந்தார். அவரை இறக்க ஆங்கிலேயக் கடற்படை பீரங்கியோடு வரவேண்டியிருந்தது.

இவ்வளவிலும் ஆய்வாளர் மனம் தோய்ந்த பெயர் கஷிமாவோ. பொருள்: பார்ப்போம். 1937இல் பிறந்த அபியோலா, தம் தகப்பனாருக்கு இருபத்து மூன்றாவது பிள்ளை. பிழைத்ததில் முதல் பிள்ளை. இருபத்திரண்டைப் பறிகொடுத்தவர் இருபத்து மூன்றாவதுக்கு வேறென்ன பெயர் வைப்பார்? பார்ப்போம் என்று வைத்தார். பார்த்துக்கொண்டே இருந்து, பையனுக்குப் பதினைந்து வயதான பிறகுதான் மோஷூத் என்று முறையாகப் பெயர் சூட்டினார்களாம். அந்தப் பையன் பெரிய செல்வந்தராகி, 1993 ஜூன் 12 அன்று நடந்த நைஜீரிய அதிபர் தேர்தலில் வெற்றியும் பெற்றார். ராணுவ ஆட்சி முடிவை ரத்து செய்தது. 1998இல் காவலில் இறந்தார். குப்பை, தவிடு, நாய் எல்லாமே எமனுக்குச் சொன்ன பொய். ‘பார்ப்போம்’ மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னது.

இந்தப் பெயர்களால் பலன் உண்டா என்று நடைமுறைவாதிகள் கேட்பார்கள். உண்டு. இவ்வாய்வாளர் இதுவரை நேரில் சந்தித்த குப்புசாமிகள் அனைவரும் உயிரோடு இருந்தார்கள்.

ஆண்பெயர்களோடு ஆய்வை நிறுத்திக்கொண்டது ஏன் என்றும் கேட்கலாம். குப்பம்மாளும் பிச்சம்மாளும் இல்லாமல் இல்லை. ஆனால் எமனை ஏய்க்க இத்தனை பாடு பெரும்பாலும் ஆண்பிள்ளைக்காகத்தான் பட்டார்கள். மூக்கில் வளையம் போட்டதன் கணக்கே, பெண் என்று நினைத்தால் அவன் சீண்டமாட்டான் என்பதுதானே. எல்லையைக் கிழித்தது ஆய்வாளர் அல்ல, பெற்றவர்கள். வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று வைத்தார்கள். சில ஊர்களில் வேண்டாம் என்றே வைத்தார்கள். அவை எமனுக்கு எழுதியவை அல்ல, பிரம்மனுக்கு எழுதிய புகார் மனுக்கள். அவற்றில் நடிப்பு இல்லை. மராட்டியத்தில் இப்படி ‘நகோசி’, வேண்டாதவள், என்று பெயரிடப்பட்டிருந்த 200க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சாத்தாரா மாவட்ட நிர்வாகம் 2011இல் விழா எடுத்து, அவரவர் விரும்பிய புதுப்பெயரைச் சான்றிதழில் எழுதிக் கொடுத்தது. குப்புசாமிகளுக்கு அப்படி ஒரு விழா தேவைப்பட்டதில்லை. தாம் எவ்வளவு வேண்டப்பட்டவர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

இன்று குப்புசாமி அருகிவரும் இனம். காரணம் நாகரிகம் என்பார்கள். ஊசி என்பது சரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 200 ஒரு வயதைத் தாண்டவில்லை. 1977இல் பெரியம்மை ஒழிந்த நாடு என்று இந்தியா சான்று பெற்றது. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் அந்த 200, 13 ஆகிவிட்டது. குப்பைமேட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கால்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பக்கம் திரும்பிவிட்டன.

அதற்காக எமனை அடியோடு மறந்துவிட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. உத்தியை மாற்றியிருக்கிறார்கள் என்பதே ஆய்வாளரின் ஐயம். இப்போது பிறக்கிற ஆண்பிள்ளைகளின் பெயர்களில் ஷ், க்ஷ், த்ர், ஹ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எண்கணிதத்துக்காக ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதல் வேறு. பொருள் கேட்டால் அப்பா சிவன் என்கிறார், அம்மா சூரியன் என்கிறார், பாட்டி வாயைத் திறப்பதில்லை. வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வகுப்பாசிரியையே முதல் வாரம் முழுக்கத் திணறுகிறார். எருமையை வாசலில் கட்டிவிட்டு, பாசக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பெயரை அவன் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி இரண்டு தவணையும் போட்டுக் கூட்டிவந்துவிடலாம்.