மிதக்கும் தேக்கு, ஓடும் இரும்பு

செஞ்சி பக்கத்து எங்கள் சிங்கவரத்தில் கடலில் இருப்பவர் ஒருவர்தான். குன்றைக் குடைந்த கோயிலுக்குள் பாம்பணையில் இருபது அடிக்கு மேல் நீட்டிப் படுத்திருக்கும் ரங்கநாதர். மற்றவர்களுக்கு ஏரியில் நாலு மாசம் தண்ணீர் நின்றாலே பெரிய விஷயம். புதுச்சேரிக் கடலுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அன்று வெறுமனே கடல் பார்க்கக் கிளம்புகிறவனை ஊரில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் கடற்கரை செஞ்சியின் கையில் இருந்தது. மராட்டிய அரசர் ராஜாராம் செஞ்சியில் இருந்து ஆண்டபோது, 1690-இல், கடலூர் பக்கத்து தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம்? பீரங்கியால் சுட்டு, குண்டு விழுகிற இடம் வரை. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுபோனார்கள். குண்டு விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர். அன்றைக்குப் போன கடற்கரைதான், அப்புறம் கப்பல் என்றால் எங்களுக்குப் பாடப்புத்தகத்து வ.உ.சி. படம்தான்.

நான் நிஜக் கப்பலில் ஏறியது பம்பாயில். மாதுங்காவில் இருந்த மாமா, "டிசம்பர்ல கடற்படை வாரம் வருது, விக்ராந்த்த சனங்களுக்குத் தெறந்து விடுவாங்க, ஆயாவயும் கூட்டிக்கிட்டு வா" என்று கடிதம் போட்டார். 1961-இல் படையில் சேர்ந்த இந்தியாவின் முதல் விமானம்தாங்கிக் கப்பல், 1997-இல் ஓய்வு பெற்று அருங்காட்சியகமாகியிருந்தது. ஆயா அதுவரை செஞ்சி சந்தையைத் தாண்டியவள் இல்லை. புளிசாதம், முறுக்கு டின், ஒரு கூஜா தண்ணீரோடு தாதர் ரயிலில் ஏறினோம்.

கப்பலுக்குள் செங்குத்தான இரும்பு ஏணிகள். பம்பாய் மாமா பாதியிலேயே மூச்சு வாங்கினார். சிங்கவரத்துப் படிக்கட்டில் எண்ணெய்த் தூக்கோடு ஏறி இறங்கிய ஆயா எனக்கு முன்னால் மேல்தளத்துக்குப் போய்விட்டாள். ஏறத்தாழ 213 மீட்டர் நீளம். ஒரு முனை, விமானம் எம்பிப் பறப்பதற்காக மேல்நோக்கி வளைந்திருந்தது. ஆயா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். "இம்மாம் பெருசா? நம்ம பெருமாளு முப்பது பேரு வரிசையாப் படுக்கலாமேடா!" கணக்கு ஏறக்குறைய சரிதான், பள்ளிக்கூடம் போகாதவள்.

விளக்க வந்தவர் 1971 போரைச் சொன்னார். கொதிகலனில் விரிசல் இருந்தும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வங்கக் கடலில் நின்றது, அதிலிருந்து பறந்த விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின. மாமா மொழிபெயர்த்தார். ஆயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆயிரம் பேருக்கு மேல இருந்தாங்கன்றியே, சமையக்கட்டு எங்க?" என்றாள். அந்த நாளில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

திரும்பி வந்ததும் ஊரில் எங்களுக்குத் தனி மரியாதை. கப்பல் பார்த்த வீடு என்றே பேர். ஆயா சொல்லச் சொல்லக் கப்பல் வளர்ந்தது. கடைசிக் காலத்தில் அது செஞ்சியிலிருந்து சிங்கவரம் வரை நீண்டிருந்தது.

நிஜக் கப்பலின் கதை வேறு. பராமரிக்கப் பணமில்லை, ஏறுவது ஆபத்து என்று 2012-இல் மூடினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு 2014-இல் முடிந்தது. பழைய இரும்பாகச் சுமார் 60 கோடி ரூபாய்க்குப் போய், அந்த வருஷமே உடைக்கத் தொடங்கினார்கள். மாமல்லபுரத்துக்கு ஒரு நீர்மூழ்கி அருங்காட்சியகமாக வரப்போகிறது என்று அறிவித்தார்கள், அது வரவே இல்லை. விசாகப்பட்டினத்துக் குர்சுரா தப்பித்தது. 1969-இல் சேர்ந்த அந்த நீர்மூழ்கியைக் கரைமேல் இழுத்து வைத்துவிட்டார்கள். காப்பாற்ற வேண்டுமானால் கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும் போலிருக்கிறது.

அப்படியும் சொல்ல முடியாது. மாமா மகள் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறாள். போன மாசம் கோயில் அடிவாரத்து டீக்கடையில் இருந்தபோது வீடியோ காலில் வந்தாள். பின்னால் மூன்று பாய்மரம். "அத்தான், இது எந்த ஊரு கப்பல் சொல்லுங்க?" அவள் நின்றது ஹார்ட்ல்பூலில், கப்பலின் பெயர் திருகோணமலை. நம் திருகோணமலைதான், அவர்கள் வாயில் டிரிங்கோமாலி. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817-இல் கடலில் இறக்கியது. இன்னும் மிதக்கிறது, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். விக்ராந்த்தோ அதே வடகிழக்கு இங்கிலாந்தில், டைன் நதிக்கரையில் 1943-இல் கட்டத் தொடங்கியது. நாம் கட்டியதை அவர்கள் வைத்திருக்கிறார்கள், அவர்கள் கட்டியதை நாம் எடைக்குப் போட்டுவிட்டோம். டீ மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். "சக்கரை போதுமா?" என்றார்.

எங்களுக்கும் மரியாதை வராமல் இல்லை. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. சிந்துதுர்க், விஜயதுர்க், சுவர்ணதுர்க், காந்தேரி என்று கடல் அலை மோதுகிற கோட்டைகளோடு ஏரி வற்றிய எங்கள் ஊரும் ஒரே ரேஷன் கார்டில் ஏறிவிட்டது. இப்போது வெளியூர்க்காரர்கள் காரில் வந்து இறங்கி, "இங்கே வேறென்ன பார்க்கலாம்?" என்று கேட்கிறார்கள். பெருமாளைக் காட்டுகிறோம். படியைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை என்று போய்விடுகிறார்கள்.

நான் பார்க்க இரண்டு நாள் ரயிலேறிப் போன கப்பல், என் அக்கா மகன் வீட்டு வாசலில் நிற்கிறது. விக்ராந்த்தின் இரும்பில் கொஞ்சம் பஜாஜ் கம்பெனி வாங்கி உருக்கி, 2016-இல் வி என்று ஒரு பைக் கொண்டுவந்தது. அந்த உலோகம் பெட்ரோல் டேங்க்கில் இருப்பதாக விளம்பரம். விளம்பரத்துக்காகவே வாங்கினான். கொஞ்ச நாள் டேங்க்கைத் துணி போட்டுத் துடைத்தான், தொட்டுக் கும்பிட்டவர்கள்கூட உண்டு. அப்புறம் அதில் தீவனப் புல்லுக்கட்டு வந்தது, தக்காளிக் கூடை வந்தது.

இப்போது வண்டியை மாற்றப் போகிறான். கடைக்காரர் ரொம்பக் குறைத்துக் கேட்கிறாராம்.

"போர்க்கப்பல் இரும்புன்னு சொன்னியா?"

"சொன்னேன் மாமா. ஆர்.சி. புக்க எடுன்னாரு. 2016 மாடல், பழசுன்னு அஞ்சாயிரம் கொறைச்சாரு."

"நான் வேணா வந்து பேசட்டா? இரும்போட கதையே தெரியும் எனக்கு."

"வேணாம் மாமா," என்றான் அவசரமாக. "நீங்க வந்து 1943-ன்னு சொல்லிடுவீங்க. இன்னும் கொறைச்சிடுவாரு."