கரடி மணி கட்டிய சைக்கிள்

நவி மும்பை ஐரோலியில் எந்த சொசைட்டி வாட்ச்மேனைக் கேட்டாலும் அவரைக் காட்டிக் கொடுப்பார். "ரோஜ் பார்சல் வாலா சாப்" என்றால் போதும், மாடி எண்ணையும் சேர்த்தே சொல்லிவிடுவார். வயது முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில். வேலை மைண்ட்ஸ்பேஸ் ஐடி பார்க்கில். பிறந்து வளர்ந்தது செம்பூர் அல்லது மாட்டுங்கா, வீட்டுக் கடன் ஐரோலியில், மனசு லடாக்கில். பெயர் எதுவாக இருந்தாலும் நமக்கு அவர் நம்மவர்.

நம்மவர் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர். போகிறவர் என்றால், போகப் போகிறவர். கூடாரம், படுக்கை, அடுப்பு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, காடு மேடென்று நாள்கணக்கில் மிதித்து, இருட்டினால் அங்கேயே படுத்துவிடுவதற்குப் பைக்பேக்கிங் என்று பெயர். இதில் மிதிப்பதும் படுப்பதும் பின்னால் வருகிற சங்கதி. அதற்கு முன்னால் வாங்க வேண்டியதை வாங்கி முடிக்க வேண்டும். நம்மவர் 2020-இலிருந்து வாங்கி முடித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வருஷ ஊரடங்கில் ஜிம்கள் மூடிக் கிடந்தன. நாடு முழுக்க ஜனங்கள் சைக்கிள் கடைகளைக் காலி செய்தார்கள். நம்மவர் அப்போது வாங்கியது தடிமனான டயர் போட்ட மலைச் சைக்கிள். தார் ரோட்டில் அது இழுக்கிறது என்று தெரிந்ததும் ஹைபிரிட் வந்தது. ஹைபிரிட் மண்ணில் வழுக்குகிறது என்று தெரிந்ததும் கிராவல் பைக். தாரிலும் ஓடும், ஜல்லியிலும் ஓடும். மழைக்காலம் முடிந்த கையோடு தாணே–பேலாப்பூர் ரோட்டைப் பார்த்தவர்கள் இந்தக் கடைசிக் கொள்முதலைக் குறை சொல்ல மாட்டார்கள். சைக்கிள்காரர்களிடம் உலகம் முழுக்க ஒரு சூத்திரம் புழங்குகிறது: ஒருவரிடம் இருக்க வேண்டிய சைக்கிள்களின் எண்ணிக்கை, இப்போது இருப்பதோடு இன்னும் ஒன்று. இதை அவர் வீட்டம்மாவிடம் விளக்கியிருக்கிறார். துணி உலர்த்த பால்கனி போதவில்லை என்பது அந்த அம்மாளின் சூத்திரம். இரண்டையும் ஒரே சமன்பாட்டில் கொண்டுவர இதுவரை ஆளில்லை.

சைக்கிள்கூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிற செலவு. அதற்கப்புறம் வருவதெல்லாம் உள்ளங்கை அளவுப் பொட்டலங்கள். டைட்டானியம் கரண்டி. டைட்டானியம் குவளை. கூடார முளைகள், அவையும் டைட்டானியம். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றுகிற சீலன்ட். முன்சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே உட்கார்ந்து சத்தமில்லாமல் மின்சாரம் தயாரிக்கிற டைனமோ. இந்த டைனமோவை, பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவிடம் பெருமையாகக் காட்டினார். டயரில் உரசிக் கர்ரென்று கத்தும் டைனமோவோடு செம்பூரைச் சுற்றியவர் அவர். விலையைக் கேட்டுவிட்டு, "சத்தம் போடாம இருக்கறதுக்காடா இவ்வளவு குடுத்தே? எனக்குக் குடுத்திருந்தா நானும் இருந்திருப்பேனே" என்றார்.

பார்சல் வரும் நேரத்தில் நம்மவரின் குரல் மாறும். டெலிவரிப் பையன் போன் செய்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். "நாலு, ஏழு, ரெண்டு…" என்று ஓடிபியை அவர் சொல்கிற தணிவில் புதுக் கல்யாணக்காரர்கள்கூடப் பேசிக்கொள்வதில்லை. சாமான் வாட்ச்மேனின் மேஜைக்கு அடியில் படுத்திருந்து, வீட்டம்மா காய்கறிக்குப் போன பிறகு லிஃப்டில் ஏறும். அட்டைப்பெட்டி வீட்டுக்கு வரவே வராது. அது கீழேயே பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரருக்குப் போய்விடும்.

இந்தச் சாமான்களின் ஜாதகத்தைப் பார்த்தால் நம்மவரின் சங்கடம் விளங்கும். டூர் டிவைட் என்று ஒரு சைக்கிள் ஓட்டம் இருக்கிறது. கனடாவில் பான்ஃப் என்ற ஊரில் கிளம்பி, ராக்கி மலைத்தொடரோடு ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர் மிதித்து, மெக்சிகோ எல்லையில் இறங்க வேண்டும். உதவிக்கு வண்டி வராது. கடை கண்ணி இல்லாத காடு நாள் முழுக்க நீளும், ஜூனிலும் கணவாய்களில் பனி கிடக்கும், கரடி வரும். அங்கே போகிறவனுக்கு ஓடைத் தண்ணீரை வடிகட்டும் குழாய் வேண்டும், பூஜ்யத்துக்குக் கீழே குளிர் தாங்கும் படுக்கைப் பை வேண்டும், தான் வருவதைக் கரடிக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் மணியும் வேண்டும்.

ஐரோலியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு டீ டப்ரி. சும்மா மூச்சு வாங்க நின்றால்கூட, "குட்டூன் ஆலாத்?" என்று விசாரிக்க ஒரு காகா வந்துவிடுவார். ஊர் சொன்னால் வேலை கேட்பார், வேலை சொன்னால் சம்பளம் கேட்பார். ஆளே இல்லாத இடமென்று கொங்கணத்தில் ஒன்றைக் கண்டுபிடித்து நாலு பேரிடம் சொன்னால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே வடாபாவ் கடை இருக்கும். தனிமைக்கென்று தயாரித்த சாமான்களை இந்தக் கூட்டத்துக்கு நடுவே எங்கே உபயோகிப்பது?

ஆனாலும் நம்மவர் உபயோகித்தார். நவி மும்பைக்காரர்களுக்குத் தங்கள் மோர்பே அணைத் தண்ணீரில் ஒரு கர்வம் உண்டு. மாநகராட்சிக்குச் சொந்த அணை இருப்பதே ஒரு தினுசு ஜம்பம். அந்தத் தண்ணீரைச் சமையலறைக் குழாயில் பிடித்து, வாட்டர் பியூரிஃபயரில் விட்டு, அதற்கும் மேல் தன் வடிகட்டியில் ஒருமுறை பிழிந்து குடித்து, "சுவையே வேற" என்றார். படுக்கைப் பைக்குச் சோதனை ஏசி அறையில். ஜனவரியிலும் ஐரோலியில் போர்வை பாதி ராத்திரி காலடிக்குப் போய்விடும் என்பதால், ஏசியை 16-இல் வைத்து, உள்ளே புகுந்து, மூக்குவரை ஜிப்பை இழுத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் வியர்த்து ஊற்றிக்கொண்டு வெளியே வந்து, தாங்குகிறது என்று சான்றிதழ் கொடுத்தார். அந்த மாத மின்கட்டணமும் தாங்கியது, எப்படியோ.

கரடி மணிதான் கொஞ்சம் விபரீதமாகிவிட்டது. சைக்கிளில் கட்டி, சாப்பாட்டுக்கு மேல் சொசைட்டிக்குள் இரண்டு சுற்று வந்தார். கிணுகிணுவென்று இரவு ஒன்பதரைக்கு மணி கேட்டால் எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கு ஒரே அர்த்தம்தான். காசோடு இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். குல்ஃபி இல்லை என்றதும் ஒரு பெண் குழந்தை அழுதேவிட்டது. யேவூர் காட்டில் சிறுத்தை இருக்கிறதே, அதற்காவது இந்த மணி உதவும் என்று நம்மவர் வாதாடினார். சிறுத்தைக்கும் அது சாப்பாட்டு மணியாகக் கேட்டால் என்ன செய்வது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

அப்புறம் கூடாரம். வீசியெறிந்தால் இரண்டே விநாடியில் தானே விரியும் ரகம். ஹாலில், சோபாவை ஒதுக்கி, குடும்பத்தைச் சுவரோரம் நிறுத்தி, வீசினார். சொன்னபடி இரண்டு விநாடியில் விரிந்தது. விரிகிற வேகத்தில் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனையும் ஒருமுறை விசாரித்தது. துணியில் ஒரு சாண் கிழிசல். நம்மவர் பதறவில்லை, அவரிடம் கூடாரம் ஒட்டும் டேப் இருந்தது. வாங்கிய பொருள் ஒன்று வாங்கிய காரியத்துக்கே பயன்பட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. விரிக்கத்தான் இரண்டு விநாடி. மடிக்க நள்ளிரவு தாண்டியது. மடித்து முடித்தபோது கல்யாணச் சீர்த் தாம்பாளத்தைவிடப் பெரிய ஒரு வட்டம் கையில் இருந்தது. இதைச் சைக்கிளில் எங்கே கட்டுவது என்று மகன் கேட்டான். மறுநாளே, ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும் இன்னொரு கூடாரத்துக்கு ஓடிபி வந்தது.

ஒருநாள் பேச்சுவாக்கில் பம்பாய்ப் பார்சி இளைஞர்களின் கதையைச் சொன்னேன். 1923 அக்டோபரில் ஆறு பேர் பம்பாயிலிருந்து சைக்கிளில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்கள். பாரசீகம், மெசபொடேமியா, பாலைவனம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா என்று சுற்றி, 1928 மார்ச்சில் ஆதி ஹகீம், ஜல் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூன்று பேர் எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிதித்துத் திரும்பினார்கள். எழுதிய புத்தகத்துக்கு முன்னுரை நேருவுடையது. நம்மவர் கண்கள் விரியக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு மெதுவாக, "டயர் எத்தனை அகலம், சார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் நான் கதை சொல்ல வந்ததே அவருக்கு ஏமாற்றம்.

பைகளுக்கு வருவோம். பைகளில்தான் நம்மவரின் ஆத்மா இருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று, ஃபோர்க்கின் இரு புறமும் ஒவ்வொன்று, பிறகு ஜெர்மனியிலிருந்து வருகிற ஆர்ட்லீப். ஹார்ட்மூட் ஆர்ட்லீப் என்ற இளைஞர் இங்கிலாந்து மழையில் சைக்கிளில் நனைந்துகொண்டே போனபோது, லாரித் தார்ப்பாய்க்குக் கீழே சரக்கு மட்டும் நனையாமல் போவதைப் பார்த்து, அதே துணியில் பை தைக்க ஆரம்பித்தார். கம்பெனி பிறந்தது 1982-இல். மழை வருகிறதென்றால் கூரைமேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டும் மும்பைக்கு இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. என்றாலும் சுங்க வரி கட்டி வரவழைக்கிறபோது தார்ப்பாய்க்கு ஒரு கௌரவம் வந்துவிடுகிறது.

சைக்கிள் சட்டத்தின் நடு முக்கோணத்துக்கு மட்டும் ரெடிமேட் பை எதுவும் பொருந்தவில்லை. அதற்காகத் தாராவிக்குப் போனார், நானும் கூடப் போனேன். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். பை தைப்பது அவருக்கு அப்பா வழித் தொழில். நம்மவர் மாதிரிக்குக் கொண்டுபோன ஜெர்மன் பையைத் திருப்பி, உள்ளே கைவிட்டு, ஓரத்தை விரலால் தடவினார்.

"தையலே இல்லையே சார். சூட்டுல ஒட்டியிருக்கான். வேலை சுத்தமாத்தான் இருக்கு." பிறகு விலையைக் கேட்டார். நம்மவர் பாதி விலையைச் சொன்னார். அதற்கே பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "தார்ப்பாய்க்கா இம்புட்டு துட்டு?"

முக்கோணத்தின் அளவுக்கு அட்டை வெட்டிக் கொடுத்திருந்தோம். அதைப் பார்த்துவிட்டுப் பெரியவர் கேட்ட கேள்வியை எந்த வெளிநாட்டு விமர்சகரும் கேட்டு நான் பார்த்ததில்லை: "நடுவுல பை உப்பிக்கிட்டா தொடை உரசுமே, எப்படி மிதிப்பீய?" நம்மவர் முழித்தார். பெரியவரே பையின் நடுவில் ஒரு தடுப்புத் துணி வைத்துத் தைத்து, இரு பக்கமும் உப்பாமல் பிடித்து நிறுத்தினார். பிரமாதமான பை. அன்றிரவே சைக்கிள் குழுவில் அதன் படம் வந்தது, கீழே எழுதியிருந்தது: "கஸ்டம் மேட், லிமிடெட் எடிஷன்." ஒரு வாரத்தில் பெரியவருக்கு ஒன்பது ஆர்டர். அவர் அந்த அட்டையை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார் என்று கேள்வி.

ஒரு ஜனவரியில் நம்மவர் கிளம்பியேவிட்டார். பன்வேல், கர்னாளா, பேண், வட்கள், அலிபாக் தாண்டி ரேவ்தண்டா கடற்கரை. முந்தின இரவு சமையலறைத் தராசில் ஒவ்வொரு சாமானையும் நிறுத்தார். டூத்பிரஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்து ஆறு கிராம் மிச்சம் பிடித்தார். சட்டையின் லேபிளைக் கத்தரித்தார். காலை நாலரை மணிக்கு, செம்பூரிலிருந்து வழியனுப்ப வந்திருந்த அம்மா, எவர்சில்வர் டப்பாவில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி பன்னிரண்டும், பாட்டிலில் மோரும், "கடல் காத்து ஒத்துக்காது" என்று ஒரு சால்வையும் பையில் திணித்தார்.

"அம்மா, வெயிட்டும்மா!"

"அதான் பாத்தேனே, நீ எவ்வளவு இளைச்சுட்டே."

அடுப்பு பற்ற வைக்கப்படவே இல்லை. பேணில் மிசல் சாப்பிட்டார். வடிகட்டி வெளியே வரவில்லை; இருபது ரூபாய்க்கு டப்ரியில் பாட்டில் தண்ணீர். ரேவ்தண்டாவில் சவுக்குத் தோப்புக்குள் இடம் பார்த்து, டைட்டானியம் முளையை அடிக்கக் குனிந்தபோது, பக்கத்து வீட்டு மாவ்ஷி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். வெளியே படுத்தால் நாய் வரும், உள்ளே அறை இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, ராத்திரிக்குப் பொரித்த பாங்டா மீனும் சோல்கடியும் என்றார். கொள்முதலைச் சாப்பாடு வென்றது. நம்மவர் இதைத் தோல்வியாக நினைத்ததாகத் தெரியவில்லை. திரும்பி வந்ததும் அவர் எழுதிய பயணக் குறிப்பில் மீனுக்கு ஒரு வரி, ரோட்டுக்கு இரண்டு வரி. பைகள் குலுங்காமல் வந்ததற்கு மூன்று பத்தி.

அந்தத் தாம்பாளக் கூடாரத்தை அவர் எப்போதோ விற்றுவிட்டார். "ஒரே முறை, வீட்டுக்குள் மட்டும் விரித்தது" என்று விளம்பரம். கன்சோலிக்காரர் ஒருவர் காரில் வந்து எடுத்துப் போனார். சைக்கிளில் கட்ட முடியாது என்று தெரிந்ததும் அவர் கார்கருக்குத் தள்ளினார், கார்கர்க்காரர் வாஷிக்கு, அங்கிருந்து பாலம் தாண்டி முலுண்டுக்கு. நவி மும்பையில் அவ்வளவு ஊர் பார்த்த கூடாரம் வேறு இருக்காது, எல்லாம் கார் டிக்கியில் என்றாலும்.

போன வாரம் நம்மவர் லிஃப்டில் போனை என்னிடம் நீட்டினார். முலுண்டுக்காரரின் விளம்பரம். படத்தில் கூடாரத்தின் நெற்றியில் ஒரு சாண் நீளத்துக்கு டேப்.

"இது உங்களுது மாதிரி இருக்கே?"

"என்னுதுதான் சார். ஒட்டு இன்னும் அப்படியே நிக்குது பாருங்க." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நான் வித்ததைவிட நானூறு ரூபா கம்மி. விடலாமா?"

லிஃப்ட் கீழே வந்து நின்றது. வாட்ச்மேன் எழுந்து மேஜைக்கு அடியில் குனிந்தார்.